தூண்டிற்காரர் எழுதிவைத்த காவிரி

சிவசமுத்திரத்தில் இரண்டு அருவிகளாகப் பிளவுபட்டு வீழும் காவிரி, கீழே மீண்டும் ஒன்றுகூடி, மலைகளுக்கிடையே புகுந்து, மேகதாட்டு என்னும் குறுகிய பாறை இடுக்கைக் கடந்து ஒகேனக்கல்லை அடைகிறது. இடைப்பட்ட இந்தப் பகுதியில் ஊர்கள் மிகக் குறைவு. கரைகளில் மருதமரங்கள் வேரூன்றி நிற்கும். சரிவுகளில் மூங்கிற் புதர்கள் அடர்ந்திருக்கும். ஆற்றின் நடுவே பெரும்பாறைகள் படுத்த யானைகளைப் போலக் கிடக்கும். பாறைகளின் நடுவே நுரைத்தோடும் நீர், சிறிது தொலைவு சென்றதும் ஆழ்ந்த மடுக்களில் அடங்கி ஓய்வுகொள்ளும். 1956ஆம் ஆண்டு நவம்பரில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்படும் வரையில், இதன் தென்கரையில் உள்ள கொள்ளேகால் வட்டம் நம்முடைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின், இப்பொழுது சொல்லப்புகும் வரலாற்றில் ஒரு பாதி நம் வீட்டு வரலாறே ஆகும்.

வரலாறு எழுதுவோர் கல்வெட்டைத் தேடுவர், செப்பேட்டைத் தேடுவர், அயல்நாட்டு யாத்திரிகரின் குறிப்புகளைத் தேடுவர். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்ட ஒருவரின் நாட்குறிப்பை எவரும் எளிதில் தேடிச் செல்வதில்லை. “இன்ன நாள், இன்ன மடு, இன்ன இரை, இத்தனை இராத்தல் எடை” என்று அவர் எழுதி வைத்த வரிகள் தற்பெருமையாகவே தோன்றும். தூண்டிற்காரர் தம் மீனின் நீளத்தைக் கைகளால் அளந்து காட்டும்பொழுது கைகள் சற்று அகன்றே நிற்கும் என்பது உலகெங்கும் உள்ள நகைச்சுவை. எனினும், காவிரியின் இந்தப் பகுதியில் 150 ஆண்டுகளாக நீருக்கடியில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய விரும்பினால், அந்தக் குறிப்புகளை விட்டால் வேறு சான்று நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. அவற்றைக் கொண்டுதான் ஒரு மீனினம் அழிந்து வருவதை அறிஞர்கள் கண்டுகொண்டனர்.

அந்த மீனின் பொதுப்பெயர் மகசீர். கெண்டை இனங்கள் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய மீன் நூல்களில் இதற்குத் தமிழ்ப் பெயராகப் பூமீன் கெண்டை என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. மகசீர் என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி வழக்கு ஓய்ந்தபாடில்லை. பெரிய தலையை உடையது என்று பொருள் கொள்வோர் உளர். பெரிய வாயை உடையது என்போரும் உளர். பெயர் எவ்வாறாயினும், வலிமையில் இதற்கு இணையான மீன் நம் ஆறுகளில் அரிது. தாடைகளில் பல் இல்லை. ஆனால் தொண்டைக்குள் வலிய பற்கள் உண்டு. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்து நொறுக்கிவிடும். மரத்திலிருந்து விழும் பழத்தையும் உண்ணும், சிறுமீனையும் துரத்தும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்ததும், நீரோட்டத்தை எதிர்த்து மேலேறிச் சென்று முட்டையிடும். இதன் வாழ்வு முழுவதும் ஓடும் நீரைச் சார்ந்தது. தேங்கிய நீரைச் சார்ந்து வாழும் கெண்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே திறவுகோல்.

காவிரியில் வாழ்ந்த மகசீர் மற்ற ஆறுகளின் மகசீரைக் காட்டிலும் தனித்தன்மை உடையது. அதன் முதுகு தலைக்குப் பின்னால் திடீரென உயர்ந்து ஒரு திமில்போல் நிற்கும். ஆகவே அதனைத் திமில் மகசீர் என்றே சொல்லலாம். அளவிலும் அதற்கு ஒப்பில்லை. 1946ஆம் ஆண்டில், மைசூரில் வாழ்ந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், காவிரியின் துணையாறாகிய கபினியில் 120 இராத்தல் எடையுள்ள மீனைத் தூண்டிலில் பிடித்தார். கணக்கிட்டால் 54 கிலோகிராமுக்கு மேல் வரும். ஒரு கல்லூரி மாணவரின் எடையுள்ள மீனை ஒரு நூலின் முனையில் நிறுத்திக் கரைசேர்ப்பது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இந்த வான் இங்கன் குடும்பத்தார், வேட்டையாடப்பட்ட விலங்குகளின் தோலைப் பாடம் செய்து நிறுத்தும் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர்கள்.

மகசீரைப் பற்றித் தென்னாட்டில் முறையாக எழுதிய தூண்டிற்காரர்களில் முதன்மையானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். அவர் சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தர். தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டர் பணி புரிந்தவர். அலுவல் முடிந்த வேளைகளில் அவர் ஆற்றங்கரையில் இருப்பார். அவருடைய ‘இந்தியாவில் தூண்டில்’ என்னும் நூல் 1873இல் மங்களூரில், பாசல் மிஷன் அச்சகத்தில் அச்சேறியது. 1881இலும் 1897இலும் அதன் மறுபதிப்புகள் வெளியாயின. ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887இல் தனியாக மற்றொரு நூலும் எழுதினார். ஆங்கிலேயர் தம் நாட்டுச் சால்மன் மீனையே மீன்களுக்கு அரசன் என்று கொண்டாடிய காலம் அது. அதே எடையுள்ள மகசீர் சால்மனைக் காட்டிலும் வன்மையாகப் போரிடும் என்று தாமஸ் எழுதியது அக்காலத்தில் துணிவான கூற்றே.

ஆனால் அவரை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் அந்தக் கூற்று அன்று. 1870ஆம் ஆண்டில், தென் கன்னடத்தின் மீன்வளம் குறித்து அவர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆற்றில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதும், கண் சிறுத்த வலைகளாலும் பொறிகளாலும் குஞ்சுகளை அள்ளுவதும் நாட்டின் உணவையே அழிப்பதாகும் என்று எடுத்துரைத்தார். அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் இந்தியாவின் நன்னீர் மீன்களை ஆராய்ந்து, 1873இல் விரிவான அறிக்கை அளித்தார். இவ்விருவர் போன்றோரின் இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பின்னர், 1897ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை அச்சட்டம் குற்றமாக்கியது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 27 ஆண்டுகள்!

தாமஸ் போன்றோரின் எழுத்தில் ஒருதலைப்பட்சம் இல்லாமல் இல்லை. ஆற்றங்கரை மக்கள் வயிற்றுக்காகப் பிடித்த மீன் அவர்கள் கண்ணில் அழிவாகத் தோன்றிற்று. தாங்கள் விளையாட்டுக்காகப் பிடித்துக் கொன்று, கழியில் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்ட மீன்கள் வெற்றிச் சின்னங்களாகத் தோன்றின. மேலும், எந்த மடுவில் எந்தப் பருவத்தில் மீன் நிற்கும் என்று அவர்களுக்குக் காட்டியவர்கள் உள்ளூர்ப் பரிசல்காரர்களும் செம்படவர்களுமே. அவர்களுடைய பெயர்கள் அந்த நூல்களில் மிக அரிதாகவே காணப்படுகின்றன. ஓர் ஆற்றைப் பற்றிய அறிவு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை வரலாற்று மாணவர் மறந்துவிடலாகாது.

இனி அவர்களுடைய கருவிகளைப் பார்ப்போம். கோல், நூல், முள், இரை. அடிப்படையில் நான்கே பொருள்கள். நம் சிறுவர்கள் மூங்கிற் குச்சியில் நூலைக் கட்டி, தக்கை மிதக்கவிட்டு, மண்புழுவைக் கோத்துக் கெளுத்தி பிடிப்பதும் இந்த நான்கைக் கொண்டே. இங்கிலாந்தில் 1496இல் அச்சான பழைய தூண்டில் நூல் கூறும் முறையும், 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற நூல் கூறும் முறையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. வால்டன் இலண்டனில் துணிவணிகம் செய்தவர். உள்நாட்டுப் போரினால் நாடு குலைந்திருந்த காலத்தில், ஆற்றங்கரை அமைதியைப் பற்றி எழுதினார். அவர் காலத்து நூல், குதிரை வால்மயிரை முறுக்கித் திரித்தது. கோலின் நுனியிலேயே அதனைக் கட்டிவிடுவர். மீன் ஓடினால், கோலின் நீளமும் நூலின் நீளமும் எவ்வளவோ அவ்வளவுதான் அதற்கு இடம் கொடுக்க முடியும்.

மகசீரிடம் அது செல்லாது. முள் தைத்ததும் மகசீர் ஆற்றோட்டத்தின் திசையில் நூறு கெஜத்துக்கும் அப்பால் ஒரே பாய்ச்சலாகப் பாயக்கூடியது. ஆகவே, நூலைச் சுற்றிவைத்து, வேண்டும்போது விட்டும் வேண்டும்போது இழுத்தும் ஆளுவதற்கு ஒரு சுழலுருளை இன்றியமையாதது. ரீல் என்று இதனைச் சொல்வர். மரத்தாற் செய்த நாட்டிங்ஹாம் உருளைகள் 19ஆம் நூற்றாண்டில் பரவின. பின்னர், 1890களில் உலோகத்தாலான, தடை பொருத்திய உருளைகள் வந்தன. தடை என்பது யாது? மீன் இழுக்கும்போது உருளை தன் விருப்பம்போல் சுழன்றால் நூல் சிக்கலாகிவிடும். சுழலாமல் நின்றால் நூல் அறுந்துவிடும். இரண்டுக்கும் இடையே, மீனைக் களைப்பிக்கும் அளவுக்குமட்டும் எதிர்த்து நிற்கும் ஒரு பிடிப்பையே தடை என்கிறோம். சிறந்த தூண்டிற்காரர் தம் கட்டைவிரலையே தடையாகப் பயன்படுத்துவர். அந்தக் காலத்துத் தூண்டிற்காரரின் விரலில் நூல் அறுத்த தழும்பு இல்லாவிட்டால், அவர் பெரிய மீனைக் கண்டதில்லை என்று பொருள்.

கோலின் கதை இதைவிடச் சுவையானது. தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காடுகளில் விளையும் பச்சைக்கரு மரத்தை ஆங்கிலேயர் கிரீன்ஹார்ட் என்பர். அதில் செய்த 16 அடி, 18 அடிக் கோல்களை இரு கையாலும் பிடித்து வீச வேண்டும். அதன் பின்னர் வந்தது பிளவு மூங்கிற்கோல். ஒரு மூங்கிலை நீளவாட்டில் பிளந்து, முக்கோண வடிவான ஆறு கீற்றுகளாகச் சீவி, அவற்றை ஒட்டி அறுகோணக் கோலாக்குவது இதன் முறை. மூங்கிலின் வலிமை அதன் வெளிப்பட்டையில்தான் இருக்கிறது. ஆறு கீற்றுகளின் வெளிப்பட்டையும் புறத்தே அமையுமாறு ஒட்டுவதனால், இளைத்த கோலும் இரும்புபோல் வளைந்து நிமிரும். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலை வளர்ந்தபொழுது, அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்ற இந்திய மூங்கிலையே. பிற்காலத்தில் தென்சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் காட்டில் வெட்டிய மூங்கில் கப்பலேறி, அயல்நாட்டில் கோலாகி, கை நிறைந்த விலைக்கு மீண்டும் நம் ஆற்றங்கரைக்கே வந்து சேர்ந்தது! நம் நாட்டில் நெடுநாள் வாழ்ந்த தூண்டிற்காரர் சிலரோ, உள் துளை சிறுத்துக் கெட்டியான கல்மூங்கிலை முழுதாகவே பயன்படுத்தினர். மழைக்கால ஈரத்தில் பசை விட்டுப்போகும் என்ற அச்சம் அதில் இல்லை.

நூலின் முனையில், முள்ளுக்கு அருகே, நீரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓர் இழை வேண்டும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து. கூடுகட்டத் தயாரான புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்தால், ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள வலிய இழை கிடைக்கும். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. உலர்ந்த இழை சுள்ளிபோல் முறியும். ஆகவே தூண்டிற்காரர் காலையில் முதல் வேலையாக அதனை நீரில் ஊறப்போடுவர். பட்டுக்குப் பெயர்போன கொள்ளேகாலின் ஆற்றங்கரையில் அமர்ந்து, ஸ்பெயினிலிருந்து வந்த பட்டிழையை ஊறவைத்த காட்சி சற்றே விந்தையானதுதான். 1938இல் அமெரிக்காவில் நைலான் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பட்டிழையும் காடியும் மறைந்தன; நைலான் நரம்பு எங்கும் பரவியது. இன்று நம் கிராமத்துக் கடையிலும் தூண்டில் நரம்பு என்று கேட்டால் அதைத்தான் கொடுப்பர்.

இரையில் வெள்ளையர் நாகரிகம் தோற்றது என்றே சொல்ல வேண்டும். பளபளக்கும் உலோகத் தகட்டைக் கரண்டி வடிவில் அமைத்து, நீரில் சுழலவிட்டுச் சிறுமீன்போல் ஏமாற்றுவது அவர்களுக்கு உவப்பான முறை. அது பலித்தது உண்மை. ஆனால் மகசீரின் வாயில் அகப்பட்ட முட்கள் நசுங்கியும் ஒடிந்தும் வெளியே வந்த கதைகளை அவர்களே எழுதியிருக்கின்றனர். தாமஸ் தம் நூலில் வறுத்த கடலையை இரையாக்கும் முறையை விரித்துரைக்கிறார். காவிரிக்கரையிலோ, தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது கேழ்வரகு. மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, கொதிநீரில் வேகவைத்து, இறுகியதும் முள்ளில் பொதிந்து, மடுவின் தலைப்பில் இடுவர். சிலர் அதில் வாசனைப் பொருள் சேர்ப்பர். என்ன சேர்த்தார் என்பதைத் தம்பிக்குக்கூடச் சொல்லார். களி உண்ணும் நாட்டில் மீனும் களி உண்டது. உலகின் பல நாடுகளிலிருந்து விலையுயர்ந்த கருவிகளோடு வந்த தூண்டிற்காரர்கள், கடைசியில் உள்ளூர்க்காரர் உருட்டிக்கொடுத்த கேழ்வரகு உருண்டையைக் கொண்டே தம் வாழ்நாளின் பெரிய மீனைப் பிடித்தனர்.

அவர்களுடைய வெளிவாழ்க்கை இன்பமும் இடரும் கலந்தது. பொழுது புலருமுன் கூடாரத்தை விட்டு எழவேண்டும். இரவில் யானை வந்துபோன சுவடு நீர்த்துறையில் இருக்கும். பகல் வெயிலில் பாறை சுட்டெரிக்கும். அப்பொழுது மீனும் இரை எடாது, மனிதனும் நிழல்தேடிக் கிடப்பான். மாலையில் மீண்டும் கோலை எடுக்கவேண்டும். முதலைகள் கிடக்கும் மணல்திட்டை விலக்கிச் செல்லவேண்டும். மீன் தைத்தபின் அது பாறைகளுக்கிடையே புகுந்து நூலைச் சிக்கவைத்துக்கொண்டால், பரிசலில் ஏறிச் சென்று அந்தச் சிக்கலை எடுக்கவேண்டும். சுழிக்கும் நீரில் ஒற்றைத் துடுப்பால் பரிசலை நிறுத்துவது பரிசல்காரரின் திறமை. அந்த நேரத்தில் கோலைப் பிடித்திருப்பவர் வெறும் பயணியே. நாள் முழுவதும் வீசியும் ஒன்றும் கிட்டாமல் கூடாரம் திரும்பும் நாட்களே மிகுதி. அந்த வெறும் நாட்களையும் சிலர் ஒழுங்காக எழுதிவைத்தனர். பிற்கால ஆராய்ச்சிக்குப் பேருதவியாக அமைந்தது அந்த ஒழுங்குதான். எத்தனை மீன் கிடைத்தது என்பதோடு, எத்தனை மணி நேர முயற்சிக்கு அது கிடைத்தது என்பதும் தெரிந்தால்தான், ஆற்றில் மீன் பெருகியதா குறைந்ததா என்று கணக்கிட முடியும்.

இதற்கிடையே ஆறு மாறிக்கொண்டிருந்தது. 1902இல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கி, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினர். 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. இவற்றால் விளைந்த நன்மைகளை நாம் அறிவோம். தஞ்சையின் வயலும் சேலத்தின் ஆலையும் அதற்குச் சாட்சி. ஆனால் முட்டையிடுவதற்காக மேலேறும் மீனுக்கு, அணை என்பது கடக்கவியலாத சுவர். வெள்ளம் வரும் பருவமும் அளவும் இயற்கையின் கையிலிருந்து மனிதன் கைக்கு மாறின. சட்டம் இருந்தும் வெடிவைப்பது நிற்கவில்லை. சுதந்தரத்துக்குப் பின் வெள்ளைத் தூண்டிற்காரர்கள் நாடு திரும்பினர். காவிரியில் பெரிய மகசீர் அற்றுப்போயிற்று என்ற எண்ணம் பரவலாயிற்று.

அந்த எண்ணத்தை மாற்றியதும் தூண்டிற்காரர்களே. 1977-78இல் இங்கிலாந்திலிருந்து தரைவழியாக வந்த சில இளைஞர்கள் காவிரியில் முகாமிட்டு, 90 இராத்தலுக்கு மேற்பட்ட ஒரு மீன் உட்படப் பல பெரிய மீன்களைப் பிடித்தனர். பெங்களூரில் 1972இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் புரிந்தது. பீமேசுவரி, காலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை எடைபார்த்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. வெடிவைத்து மீன்பிடித்தவர்களிற் சிலர் அந்த முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். கொல்லும் கையே காக்கும் கையாயிற்று.

காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை ஒவ்வொரு மீனும் ஏட்டில் பதியப்பட்டது. 6,000க்கு மேற்பட்ட மகசீர்கள் அதில் இடம்பெற்றன. பின்னர் அறிஞர்கள் அந்த ஏட்டை எடுத்து ஆராய்ந்து, 2015இல் தம் முடிவை வெளியிட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சிக்குரிய செய்தியே தெரிந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் மீன் பெருகிக்கொண்டே வந்தது. ஆனால் மீன்களை இருவகையாகப் பிரித்து நோக்கியதும் உண்மை வெளிப்பட்டது. பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். திமில் மகசீரோ ஆண்டுக்காண்டு குறைந்தது. அதே சமயத்தில் அதன் சராசரி எடை கூடிற்று. எண்ணிக்கை குறைய எடை கூடுவது ஏன்? ஓர் ஊரில் குழந்தைகளே பிறக்காமல் போனால், அவ்வூரின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும் அல்லவா? ஆற்றில் நிகழ்ந்ததும் அதுவே. முதிய மீன்கள் மட்டும் எஞ்சி நின்றன. அவற்றின் இடத்துக்கு வரக் குஞ்சுகள் இல்லை.

நீலத்துடுப்பு மகசீர் எவ்வாறு வந்தது என்பதில்தான் இக்கதையின் துயரம் அடங்கியிருக்கிறது. மகாராட்டிரத்தின் லோனாவ்லாவில், டாட்டா மின்சார நிறுவனத்தின் ஏரிகளையொட்டி, 1970களில் மகசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் பணி வெற்றிபெற்றது. அருகிவரும் மீனைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு, அங்கே பொரித்த குஞ்சுகளைப் பல மாநிலத்து ஆறுகளுக்கு அனுப்பினர். காவிரிக்கும் அவை வந்தன. மகசீர் எல்லாம் மகசீரே என்று எண்ணிய காலம் அது. விருந்தாளி வீட்டுக்காரனாயினான். திமில் மகசீரின் வீழ்ச்சிக்கு இந்த ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. அணை, மணல் கொள்ளை, வெடி, கழிவுநீர் ஆகிய எல்லாமே சேர்ந்து நெருக்கின. எனினும், தூண்டிற்காரர்கள் தம் ஏட்டில் கூடிவரும் எண்ணிக்கையைக் கண்டு களித்திருந்த ஆண்டுகளில்தான், அவர்கள் தேடி வந்த மீன் அவர்கள் கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது.

2012ஆம் ஆண்டில், வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு கூடாது என்னும் முடிவினால் இம்முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. காட்டுயிர் அனைத்துக்கும் ஒரே நீதி என்பது அம்முடிவின் கருத்து. அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் கோல் நின்றபோது ஏடும் நின்றது. ஆற்றங்கரையில் ஆண்டு முழுவதும் இருந்த கண்கள் அகன்றன. விளையாட்டை நிறுத்தினாலும் எண்ணிக்கையை நிறுத்தாதிருக்க ஏதேனும் ஏற்பாடு செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு அறிவியற் பெயர்கூட நெடுங்காலம் உறுதியாக இல்லை என்றால் நம்புவீர்களா? சைக்ஸ் என்பவர் 1839இல் தக்காணத்து மீன் ஒன்றுக்கு முசுல்லா என்னும் பெயரை வழங்கினார். அப்பெயரே பின்னர் காவிரியின் திமில் மகசீருக்கும் ஒட்டிக்கொண்டது. சைக்ஸ் கண்டது வேறொரு பேரினத்து மீன் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியதும், திமில் மகசீர் பெயரற்றதாயிற்று. பெயரற்ற உயிரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? எந்தச் சட்டத்தால் காப்பது? 150 ஆண்டுகளாகப் புகைப்படங்களிலும் நாட்குறிப்புகளிலும் வாழ்ந்த மீன், அறிவியலின் கண்ணுக்கு இல்லாத மீனாகவே இருந்தது.

அதற்கு விடை மீண்டும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. நீலகிரியின் வடசரிவில், முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலப்பது மோயாறு. அங்கே கிடைத்த திமில் மகசீர்களை அறிஞர்கள் அளந்தனர். அவற்றின் மரபணுவை ஆராய்ந்தனர். தூண்டிற்காரர்கள் விட்டுச்சென்ற பழைய படங்களோடும் குறிப்புகளோடும் ஒப்பிட்டனர். அமராவதியின் துணையாறாகிய பாம்பாற்றில், சின்னாறு காட்டுப் பகுதியில், சில ஆண்டுகளுக்கு முன்பே புதிய இனம் என்று குறிக்கப்பட்டிருந்த சிறிய மகசீரும் இந்தப் பெரிய மீனும் ஒன்றே என்று 2018இல் அறிவித்தனர். இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ரேமாதேவி அம்மையாரின் பெயரால், டோர் ரேமாதேவி என்று அது வழங்குகிறது. பெயர் உறுதியான அதே 2018ஆம் ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் அப்பெயர் சேர்க்கப்பட்டது. யானைகள் இறங்கும் துறைகளுக்குக் கீழே, மோயாற்றின் ஆழ்ந்த மடுக்களில், திமில் உயர்ந்த சில முதிய மீன்கள் வெள்ளம் வரும் திசை நோக்கி நின்றுகொண்டிருக்கின்றன.